விலங்கைக் கண்டு வெட்கப்படாத வீட்டார்

வேத பாடம்
வாசிக்க: 2 தீமோத்தேயு 1:15-18, மத்தேயு 11:2-11, அப்போஸ்தலர் 24:22-27



சிறைச்சாலை என்று சொன்னவுடனே நம்முடைய ஜனங்களுக்கு அப்போஸ்தலர் 16-ம் அதிகாரம்தான் ஞாபகத்துக்கு வரும். நடு ராத்திரி, துதி, பூமியதிர்ச்சி, கதவெல்லாம் திறந்தது, கட்டெல்லாம் கழன்றது, அல்லேலூயா! கன்வென்ஷன் மேடையில் இந்தச் செய்தியைக் கேட்டு எத்தனை தடவை கைதட்டியிருக்கிறோம். ஆனால் அதே பவுல் பிற்பாடு செசரியாவில் இரண்டு வருஷம் காவலில் இருந்தான் (அப். 24:27). ரோமாபுரியில் இன்னும் இரண்டு வருஷம் (அப். 28:30). முடிவிலே மறுபடியும் விலங்கு. அப்போது எழுதினதுதான் தீமோத்தேயுவுக்கு இரண்டாம் நிருபம். அங்கே பூமி அதிரவில்லை, கதவும் திறக்கவில்லை. ஒரு மனுஷன் தேடிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். அந்த மனுஷனைப் பற்றித்தான் இந்த மாதப் பாடம். கதவு திறக்காத நாட்களில் ஒரு விசுவாசியின் வீடு என்ன செய்யவேண்டும் என்பதைப் பார்ப்போம்.

ஏன் இந்தப் பாடம் என்று கேட்பீர்கள். சேலம், ராசிபுரம், திருச்செங்கோடு, பள்ளிபாளையம் பக்கத்துச் சபைகளில் வீட்டில் ஒருவர் உள்ளே இருக்கிற குடும்பங்கள் உண்டு. கேட்டால் சொல்லமாட்டார்கள். "அவரு ரிக் வண்டியில வடநாட்டுக்குப் போயிருக்காருங்க" என்பார்கள். "லாரியில லோடு ஏத்திக்கிட்டு குஜராத் பக்கம் போயிருக்கான், வர நாளாகும்" என்பார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் நாமக்கல் லாரியும் ஊர் ஊராய்ப் போகிற சீமை இது. யாரும் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். அதனால் அந்தப் பொய் சுலபமாக வாயில் வந்துவிடுகிறது. ஆனால் அஸ்தம்பட்டி மத்திய சிறையிலிருந்தோ நாமக்கல் கிளைச் சிறையிலிருந்தோ போன் வரும்போது, அந்தச் சகோதரி சபையின் நடுவே உட்கார்ந்திருந்தால் எடுக்கமாட்டாள். கட் பண்ணிவிடுவாள். பக்கத்தில் இருக்கிறவர்கள் கேட்டுவிடுவார்களே!

பிரியமானவர்களே, அந்த ஒரு போனுக்காக உள்ளே ஒரு மனுஷன் மூன்று நாள் காத்திருந்திருப்பான்.

தேடிக் கண்டுபிடித்தவன்

2 தீமோத்தேயு 1:15-ஐ முதலில் வாசியுங்கள். ஆசியாவில் இருந்தவர்கள் எல்லாரும் தன்னை விட்டு விலகினார்கள் என்று பவுல் எழுதுகிறான். பிகெல்லு, எர்மொகெனே என்று இரண்டு பேரைப் பெயர் சொல்லியே எழுதுகிறான். இவர்கள் பவுலுக்கு விரோதமாகச் சாட்சி சொன்னதாகவோ கல்லெறிந்ததாகவோ அங்கே இல்லை. விலகிப் போனார்கள், அவ்வளவே எழுதியிருக்கிறது. சிறைப்பட்டவனைக் காயப்படுத்த வேறொன்றும் செய்யவேண்டியதில்லை.

அடுத்த வசனத்தில் ஒநேசிப்போரு வருகிறான். எபேசு ஊர்க்காரன். ரோமாபுரி சின்ன ஊர் அல்ல. அன்றைக்கு உலகத்திலேயே பெரிய பட்டணங்களில் ஒன்று. அதில் ஒரு கைதி எந்தக் காவலில் இருக்கிறான் என்று விசாரித்து, தெருத்தெருவாய்த் தேடி, கடைசியில் கண்டுபிடித்தான். பவுலின் விலங்கைப் பார்த்து அவனுக்கு வெட்கம் வரவில்லை என்றும், ஒரு தடவை அல்ல அநேகந்தரம் தன்னைத் தேற்றினான் என்றும் பவுல் நன்றியோடு சொல்லுகிறான். அந்தக் காலத்துச் சிறையில் சாப்பாடும் துணியும் பெரும்பாலும் வெளியே இருக்கிற சொந்தபந்தம் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. தீமோத்தேயுவிடம் பவுல் கேட்பதைப் பாருங்கள்: துரோவாவில் விட்டுவந்த மேலங்கியை எடுத்து வா, புஸ்தகங்களைக் கொண்டு வா, மாரிகாலத்துக்கு முன்னே வந்து சேர் (4:13, 21). அவ்வளவு பெரிய அப்போஸ்தலனுக்கும் குளிரடித்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பவுல் ஒநேசிப்போருவுக்கு மட்டும் இரக்கம் கேட்கவில்லை, அவனுடைய வீட்டாருக்கும் கேட்கிறான். கடைசி அதிகாரத்திலும் அந்த வீட்டாருக்குத்தான் வாழ்த்துதல் சொல்லி அனுப்புகிறான் (4:19). ஒருவன் சிறைக்குப் போய் வந்தால் வீட்டில் எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு. கட்டுச்சோறு கட்டினது யார்? அவன் இல்லாத நாட்களில் தொழிலைப் பார்த்துக்கொண்டது யார்?

அப்போஸ்தலர் 24:23-ல் பேலிக்ஸ் என்ற தேசாதிபதி, பவுலைக் காவலில் வைத்தாலும் அவனைச் சேர்ந்தவர்கள் வந்து உதவுவதைத் தடுக்கக்கூடாது என்று நூற்றுக்கு அதிபதிக்குக் கட்டளையிட்டான். இந்தப் பேலிக்ஸ் நல்லவன் ஒன்றும் அல்ல, பவுலிடம் லஞ்சம் எதிர்பார்த்தவன் என்று அதே அதிகாரம் சொல்லுகிறது. அவனுக்கே தெரிந்திருக்கிறது, காவலில் இருக்கிறவனை அவன் ஜனங்களிடமிருந்து முழுக்க அறுத்துவிடக்கூடாது என்று!

பன்னிரண்டு நிமிடம்

நம் நாட்களுக்கு வருவோம். சேலம் மத்திய சிறை 1862-ல் உண்டானது. அதில் இருந்தவர்களுக்கும் வீட்டாருக்கும் வெகு காலம் இரண்டே வழிதான். ஒன்று கடிதம், அதையும் அதிகாரிகள் படித்துப் பார்த்தே அனுப்புவார்கள். இன்னொன்று நேரில் போய்ப் பார்ப்பது, அதற்கு நம் ஊரில் "மனு பார்க்கிறது" என்று பேர். வரிசையில் நின்று, பேர் கொடுத்து, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்திப் பேசி, பாதி கேட்டும் கேட்காமலும் திரும்பி வருவது.

பிறகு சிறைக்குள்ளேயே போன் வசதி வந்தது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது மனு பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அப்போது தமிழ்நாட்டுச் சிறைகளில் வீடியோ கால் மூலம் குடும்பத்தைப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். 2023-ல் அரசாங்கம் போன் சலுகையைக் கூட்டிக் கொடுத்தது: மூன்று நாளைக்கு ஒரு தடவை, ஒரு தடவைக்கு 12 நிமிடம். கணக்குப் போட்டால் மாதத்துக்கு 120 நிமிடம், இரண்டு மணி நேரம். நம் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் அதைவிட நீளம்.

இது எப்படி நடக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள், தெரியாமல் பல வீடுகள் தடுமாறுகின்றன. நாம் உள்ளே கூப்பிட முடியாது. அவர்தான் கூப்பிடுவார். எந்த நம்பருக்குப் பேசவேண்டும், அது யாருடையது, என்ன உறவு என்று அவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, அதிகாரிகள் சரிபார்த்த நம்பருக்கு மட்டும்தான் பேசவிடுவார்கள். ஆகவே அந்த நம்பரை மாற்றாதீர்கள். ஆபர் வந்தது என்று புது சிம் வாங்கிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ரீசார்ஜ் போடாமல் விட்டால் கொஞ்ச நாளில் வருகிற காலும் நின்றுபோகும். உள்ளே இருக்கிறவருக்கு அது தெரியாது. "போன் எடுக்கல, என்னை மறந்துட்டாங்க" என்றுதான் நினைப்பார். யோசேப்பு பானபாத்திரக்காரனிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினான். அவன் மறந்துபோனான். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் (ஆதி. 40:23, 41:1)! ஒரு ரீசார்ஜுக்காக நாம் பானபாத்திரக்காரன் ஆகவேண்டாம்.

அந்தப் போன் யார் கையில் இருக்கிறது என்பதும் முக்கியம். கேம் விளையாடுகிற பையன் கையில் இருந்தால் சார்ஜ் இருக்காது. தறி ஓடுகிற வீடாக இருந்தால், கால் வந்தவுடனே தறியை நிறுத்துங்கள். குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் தறிச் சத்தத்துக்குள் பேசிப் பழகினவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. அந்தப் பக்கம் கேட்கிறவருக்கு ஒரு வார்த்தையும் புரியாது. கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவர்கள் முதலாளியிடம் "இந்த நம்பர்ல கால் வந்தா பத்து நிமிஷம் வெளியே போயிட்டு வந்துடறேனுங்க" என்று முன்னமே சொல்லி வையுங்கள். காரணம் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை.

என்ன பேசுவது?

இங்கேதான் நம் விசுவாச வீடுகள் அதிகமாய் இடறுகின்றன. சிலர் போன் எடுத்த நிமிஷத்திலேயே அழுகிறார்கள். 12 நிமிடமும் அழுகையிலேயே போய்விடுகிறது. சிலர் திட்டுகிறார்கள்: "உன்னால எங்க மானம் போச்சு." சிலர் பிரசங்கம் பண்ணுகிறார்கள். இன்னும் சிலர் பாஸ்டர் கையில் போனைக் கொடுத்துவிடுகிறார்கள், அவரும் அந்நிய பாஷையில் ஜெபித்து நேரத்தை முடித்துவிடுகிறார். ஜெபம் வேண்டும், கட்டாயம் வேண்டும். ஒரு நிமிடம் போதும். மீதி நேரம் மனைவியும் பிள்ளையும் பேசட்டும்.

மத்தேயு 11-ஐத் திறந்து பாருங்கள். யோவான்ஸ்நானன் ஏரோதின் சிறையில் இருக்கிறான். அவனுக்குள்ளே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. வரவேண்டியவர் நீர்தானா, வேறொருவரா என்று இரண்டு சீஷர்களை அனுப்பிக் கேட்கிறான். யோர்தானிலே ஆட்டுக்குட்டியானவரைச் சுட்டிக் காட்டினவனா இப்படிக் கேட்கிறான்! சிறை மனுஷனை அப்படிச் செய்யும். இயேசு அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் இங்கே கேட்டதையும் கண்டதையும் போய் யோவானுக்குச் சொல்லுங்கள்" என்ற அர்த்தத்தில் பதில் கொடுக்கிறார். குருடர் பார்க்கிறார்கள், முடவர் நடக்கிறார்கள், தரித்திரருக்குச் சுவிசேஷம் போகிறது. சுவருக்கு வெளியே என்ன நடக்கிறது என்ற செய்தியைத்தான் உள்ளே அனுப்பினார்.

அப்படியே நீங்களும் செய்தி சொல்லுங்கள். மழை பெய்ததா, மரவள்ளிக்கிழங்கு என்ன விலை போகுது, ஆடு குட்டி போட்டதா, பாப்பா எத்தனை மார்க், சபையில் யாருக்கு ஞானஸ்நானம் ஆச்சு, எந்தப் பாட்டு பாடினோம். இதெல்லாம் அற்பம் என்று நினைக்காதீர்கள். உள்ளே இருக்கிற மனுஷனுக்கு ஒரு நாளும் இன்னொரு நாளும் ஒரே மாதிரி. வீட்டில் இன்னும் தனக்கு ஒரு இடம் இருக்கிறது என்பது இந்த மாதிரிப் பேச்சில்தான் அவனுக்குத் தெரியும். அவனிடமும் ஆலோசனை கேளுங்கள்: "ஏனுங்க, கூரைக்கு ஓடு மாத்தணும், என்ன பண்ணலாம்?" குடும்பத்தலைவனாய் ஒரு நிமிஷம் யோசிக்கட்டும்.

இயேசு சொல்லி அனுப்பாதது ஒன்றும் இருக்கிறது. "யோவானே, சீக்கிரம் வெளியே வருவாய்" என்று அவர் சொல்லவே இல்லை. இதை நான் பாரத்தோடு எழுதுகிறேன். நம்மில் சிலர் போனில், "கர்த்தர் எனக்குச் சொன்னார், இந்த மாசம் உங்களுக்குக் கதவு திறக்குது" என்று தீர்க்கதரிசனம் சொல்லிவிடுகிறார்கள். ஜாமீன் தள்ளுபடி ஆகும்போது அந்த மனுஷன் என்ன ஆவான் என்று யோசித்தோமா? சொன்னவருக்கு அடுத்த வாரம் வேறு கூட்டம் இருக்கிறது. உள்ளே இருக்கிறவனுக்கு அதே சுவர்தான். அப்போஸ்தலர் 12-ல் பேதுருவை தூதன் வெளியே கொண்டுவந்தான், அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு பட்டயத்தால் கொலையுண்டான். சபை இரண்டு பேருக்கும் பிரியமான சபைதான். விடுதலைக்காக ஜெபியுங்கள், உபவாசியுங்கள். தேதி குறிக்காதீர்கள்.

யோவானின் சீஷர்கள் திரும்பிப் போனபின்பு இயேசு கூட்டத்தாரைப் பார்த்து, அந்தக் கைதியைப் பற்றி எவ்வளவு மேன்மையாகப் பேசினார் என்பதையும் வாசியுங்கள் (11:7-11). போனை வைத்தபின்பு நாம் என்ன பேசுகிறோம்?

சில எச்சரிப்புகள்

வழக்கு விஷயத்தைப் போனில் பேசாதீர்கள். அந்தப் பேச்சு கண்காணிப்பில் உள்ளது. யார் என்ன செய்தார்கள், சாட்சி யார், பணம் எங்கே என்றெல்லாம் வக்கீலிடம் நேரில் பேசவேண்டியது. வக்கீல் வைக்கப் பணமில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் அறியவேண்டியது: 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி காவலில் இருக்கிறவருக்கு இலவச வக்கீல் உண்டு, வருமானக் கணக்குக் கூடப் பார்க்கமாட்டார்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும். 15100 என்ற நம்பரிலும் கேட்கலாம்.

"உள்ளே ஒருத்தர்கிட்ட செல்போன் இருக்கு, இதுல தினமும் பேசலாம்" என்று வேறு நம்பரிலிருந்து அவரே கூப்பிட்டால் சந்தோஷப்படாதீர்கள். சிம் கொண்டுவா, சார்ஜர் கொண்டுவா என்று கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். தடைசெய்த பொருளை உள்ளே கடத்துவது 1894-ம் வருஷச் சிறைச் சட்டத்தின் 42-ம் பிரிவில் குற்றம். பிடிபட்டால் அவருக்கு இருக்கிற 12 நிமிடமும் போகும், கொடுத்த நீங்களும் வழக்கில் நிற்பீர்கள். அதுபோல, "ஜெயில் ஆபீசிலிருந்து பேசறோம், உங்க பையனுக்கு உடம்பு முடியல, உடனே இந்த நம்பருக்குப் பணம் போடுங்க" என்று யாராவது சொன்னால் ஒரு ரூபாயும் போடாதீர்கள். நேரே சிறை வாசலுக்குப் போய் விசாரியுங்கள். ஒநேசிப்போரு விசாரித்தான் அல்லவா!

மரணச் செய்தியை மறைக்காதீர்கள். "அம்மா செத்துட்டாங்கன்னு சொன்னா தாங்கமாட்டான்" என்று ஆறு மாதம் மறைக்கிற வீடுகள் உண்டு. ஒவ்வொரு போனிலும் அவன் "அம்மாகிட்ட குடுங்க" என்பான், இவர்கள் "தூங்கறாங்க, காட்டுக்குப் போயிருக்காங்க" என்பார்கள். இது அன்பு அல்ல. தண்டனை பெற்றவர்களுக்குத் தாய் தகப்பன் மரணம் போன்ற காரியங்களுக்கு அவசர கால விடுப்பு கேட்க 1982-ம் வருஷ விதிகளில் வழி இருக்கிறது. விசாரணைக் கைதியாக இருந்தால் வக்கீல் மூலம் கோர்ட்டில் கேட்கவேண்டும். முகத்தைப் பார்க்கிற கடைசி வாய்ப்பை நம் பயத்தினால் அவனிடமிருந்து எடுத்துப்போடக் கூடாது.

பிள்ளைகளிடம் துபாய்க் கதை சொல்லவேண்டாம். பள்ளிக்கூடத்தில் யாராவது சொல்லிவிடுவார்கள். அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளை அப்பாவையும் நம்பாது, உங்களையும் நம்பாது. வயசுக்குத் தக்கபடி உண்மையைச் சொல்லுங்கள்: "அப்பா ஒரு தப்புக்காக கவர்மெண்ட் வெச்ச இடத்துல இருக்காரு. நம்ம மேல பிரியமாத்தான் இருக்காரு. சனிக்கிழமை பேசுவாரு, நீ என்ன சொல்லணும்னு யோசிச்சு வெச்சுக்கோ கண்ணு."

இன்னொன்று சொல்லியே ஆகவேண்டும். அடித்து உதைத்து, அதற்காகவே உள்ளே போன புருஷனிடம் மனைவி பேசியே தீரவேண்டும் என்று நான் போதிக்கமாட்டேன். சபை மூப்பர்களும் அவளை வற்புறுத்தக்கூடாது. தன் நம்பரை எடுத்துவிடும்படி அவள் சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கேட்கலாம். அவனை விசாரிக்க அவன் தாயோ அண்ணனோ போதகரோ இருக்கட்டும்.

குற்றம் மெய்யாகவே நடந்திருந்தால், நஷ்டப்பட்ட குடும்பமும் நம் தெருவிலேயே இருக்கலாம். "எங்க பையன் ஒன்னும் பண்ணல, சதி" என்று போனில் அவனுக்கு ஒத்து ஊதாதீர்கள். பவுல் ஒநேசிமுவைப் பிலேமோனிடமே திருப்பி அனுப்பினான், கடனைத் தன் கணக்கில் எழுதச் சொன்னான். விசாரிப்பது என்றால் குற்றத்துக்கு வக்காலத்து வாங்குவது அல்ல.

தூரத்துச் சிறைகள்

சேலத்தில் இருப்பவரைப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிடலாம். நம் கல்வராயன் மலையிலிருந்தும் சித்தேரி மலையிலிருந்தும் செம்மரம் வெட்டும் கூலிக்கு என்று ஆந்திராவுக்கு அழைத்துப்போகப்பட்டு, அங்கே பிடிபட்டுச் சிறையில் கிடந்தவர்களை நினைத்துப் பாருங்கள். 2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் 20 பேர் சுடப்பட்டு இறந்தபோதுதான் நாடு அந்த மலை ஜனத்தைத் திரும்பிப் பார்த்தது. அந்தக் காலத்திலேயே நூற்றுக்கணக்கானவர்கள் ஆந்திரச் சிறைகளில் இருந்தார்கள். தெலுங்கு தெரியாது, ஊர் தெரியாது, ஒரு தடவை போய்வர ஒரு மாதக் கூலி ஆகும். நம் லாரி டிரைவர்களும் வெளி மாநிலத்தில் விபத்து வழக்கில் மாட்டிக்கொண்டால் அதே நிலைதான். அப்படிப்பட்டவர்களுக்குப் போன்தான் ஒநேசிப்போரு. இ-முலாகாத் என்று மத்திய அரசின் இணைய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதில் நேரில் பார்க்கவும் வீடியோவில் பார்க்கவும் பதிவு செய்யலாம். படிக்காத தாய்மாருக்கு அது கை வராது. கம்ப்யூட்டர் தெரிந்த நம் வாலிபர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் செய்து கொடுக்கலாம். வாலிபர் கூட்டத்தில் இதற்கு இரண்டு பேரை நியமித்தால் என்ன? கேட்டதை வெளியே சொல்லாத இரண்டு பேராகப் பார்த்து நியமிக்கவேண்டும், அது கம்ப்யூட்டரைவிட முக்கியம்.

எபிரெயர் 13:3-ல், கட்டப்பட்டவர்களோடு நாமும் சேர்ந்து கட்டப்பட்டிருக்கிறதுபோல எண்ணி அவர்களை நினைக்கும்படி எழுதியிருக்கிறது. நினைப்பது என்றால் ஜெபக் குறிப்பில் பேரை வாசித்துவிட்டு அடுத்த பேருக்குப் போவது மட்டும் அல்ல. ரீசார்ஜுக்குக் காசில்லாத வீட்டுக்கு காணிக்கைப் பணத்திலிருந்து போடலாம். வயசான தாயாருக்கு மனு பார்க்கத் துணைக்குப் போகலாம்.

ஆராதனைக்கு முன் "எல்லாரும் போனை அணைத்து வையுங்கள்" என்று அறிவிப்புக் கொடுக்கிறோம். இனி அதோடு ஒன்று சேர்த்துச் சொல்லப்படும்: முக்கியமான அழைப்புக்காகக் காத்திருக்கிறவர்கள் போனைச் சத்தமில்லாமல் கையில் வைத்துக்கொண்டு கதவுப் பக்கத்து வரிசையில் உட்காரலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வரலாம், லாரியிலிருந்து வரலாம், எங்கிருந்தும் வரலாம். சபைக்குப் பின்னால் இருக்கிற ஞாயிறு பள்ளி அறை திறந்தே இருக்கும், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேசலாம். யாராவது எழுந்து போனால், தயவுசெய்து திரும்பிப் பார்க்காதீர்கள். திரும்பி வந்தபின் யார் என்ன என்று கேட்காதீர்கள். பாட்டுப் புஸ்தகத்தை அவர்கள் பக்கம் நகர்த்தி, எந்தப் பாட்டு என்று காட்டுங்கள்.